கரண்ட் கம்பெனி ஒரு பக்கம் செலவை குறைச்சுட்டோம்னு சொல்லுது, இன்னொரு பக்கம் கொட்டி செலவு பண்ணுது, இது என்ன கணக்கு?

பங்குப்பித்தன்:

வணக்கம் மக்களே. மின்சாரம் விநியோகம் பண்ற ஒரு கம்பெனியோட ஷேர் கொஞ்சம் வச்சிருக்கேன், பேர் வேண்டாம். நாலஞ்சு வருஷமா டிவிடெண்ட் வந்துட்டு இருக்குன்னு கண்ண மூடிட்டு இருந்தேன், இந்த தடவதான் ஆண்டறிக்கைய உக்காந்து முழுசா படிச்சேன், படிச்சதும் தலை சுத்துது. முதல் பத்து பக்கம் பூரா செலவு கட்டுப்பாடு புராணம். பராமரிப்பு செலவு மூணு வருஷமா ஏறவே இல்லயாம், ஆள கொறச்சிட்டாங்களாம், ஒப்பந்தமெல்லாம் திரும்ப பேசி மிச்சம் புடிச்சாங்களாம். சரி நல்ல விஷயம்னு பக்கத்த திருப்புனா, அடுத்த அஞ்சு வருஷத்துல போன அஞ்சு வருஷத்த விட ஒன்றரை மடங்கு முதலீடு பண்ண போறோம்னு அதுக்கும் அதே பெருமை.

சாதாரண கம்பெனியா இருந்தா இவ்ளோ காசு போடுறியே எங்க இருந்து வருமானம் வரும்னு கேப்போம். இங்க காசு போடறதே லாபம்ங்கற மாதிரி எழுதியிருக்காங்க. போதாக்குறைக்கு கையில வர்ற காசு முதலீட்டுக்கே பத்தல, வருஷா வருஷம் கடன் ஏறுது, அதுக்கு நடுவுல டிவிடெண்டும் குடுக்கறாங்க. கடன் வாங்கி டிவிடெண்ட் குடுக்கற கம்பெனிய பாத்தா ஓடிடுன்னுதான் எனக்கு சொல்லிக்குடுத்தாங்க. நான் ஓடணுமா இல்ல இந்த தொழிலே இப்படித்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கொஞ்சம் பொறுமையா சொன்னா புண்ணியமா போகும்.

கணக்கன்77:

ஓட வேண்டாம் ப்ரோ, அவசரப்படாதீங்க. நீங்க பாத்தது முரண்பாடு மாதிரி தெரியும் ஆனா ரெண்டும் ஒரே திட்டத்தோட ரெண்டு கை. வலது கை செலவு பண்ணணும்னா இடது கை மிச்சம் பண்ணியே ஆகணும்.

கம்பி வச்சிருக்கற கம்பெனி ஒரு ஏரியாவுக்கு ஒண்ணுதான் இருக்கும், ரெண்டு பேர் ரெண்டு வரிசை கம்பம் நட முடியாதில்ல, அதனால விலைய அவங்க இஷ்டத்துக்கு வைக்க விடறதில்ல, ரெகுலேட்டர்தான், அதாவது ஒழுங்குமுறை ஆணையம்தான், எவ்ளோ வசூல் பண்ணலாம்னு முடிவு பண்ணுவார். உலகத்துல நிறைய இடத்துல இந்த கணக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பராமரிப்பு, சம்பளம் மாதிரி செலவெல்லாம் எவ்ளோ ஆச்சோ அவ்ளோ, அதுல லாபம் ஒரு பைசா கிடையாது. எரிபொருளும் பெரும்பாலும் அப்படித்தான், வாங்கின விலை அப்படியே பில்லுக்கு போயிடும். ஆனா கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சப் ஸ்டேஷன்னு போட்ட முதலீடு இருக்கு பாருங்க, அது ரேட் பேஸ்ங்கற கணக்குல ஏறும், அதுல தேய்மானம் போக மிச்சம் நிக்கறதுக்கு வருஷா வருஷம் இத்தன சதவீதம் வருமானம்னு அனுமதி. அதாவது இந்த தொழில்ல லாபம் வர்ற ஒரே கதவு முதலீடுதான்.

இப்ப ஒரு சின்ன கணக்கு, நம்பர் சும்மா உதாரணத்துக்கு. புதுசா 100 முதலீடு போடறாங்க, பாதி கடன், பாதி ஷேர்ஹோல்டர் காசு. கடனுக்கு 5% வட்டின்னா 2.50. சொந்த காசுக்கு 10% அனுமதின்னா 5. அந்த 5 கைக்கு வரணும்னா 25% வரி கட்டறதுக்கும் சேத்து வசூல் பண்ணணும், அது ஒரு 1.70. முப்பது வருஷம் ஓடற சாமான்னா தேய்மானம் 3.30. கூட்டினா 12.50. ஆக 100 முதலீடு போட்டா முதல் வருஷம் ஜனங்க பில்லுல 12.50 ஏறும்.

பில்லு ஏறினா ரெகுலேட்டர் முறைப்பார், பேப்பர்ல வரும், ஓட்டு கேக்கறவங்க சத்தம் போடுவாங்க. அதனால கம்பெனி என்ன பண்ணும், பராமரிப்பு செலவுல 12.50 குறைக்கும். அங்க 12.50 இறங்கிச்சு இங்க 12.50 ஏறிச்சு, பில்லு அப்படியே நிக்குது. ஆனா பழைய 12.50ல ஷேர்ஹோல்டருக்கு பூஜ்யம், புது 12.50ல அவருக்கு 5. இதுதாங்க மொத்த ரகசியமும். 1 மிச்சம் புடிச்சா 8 முதலீட்டுக்கு இடம் கிடைக்குதுன்னு இந்த துறையில பேசிக்கறது இந்த கணக்குதான். அதனாலதான் உங்க அறிக்கையில முதல் பத்து பக்கம் கஞ்சத்தனமும் அடுத்த பத்து பக்கம் தாராளமும்.

இன்னொரு நுணுக்கம். ரெகுலேட்டர் விலைய முடிவு பண்ண ஒரு கட்டண விசாரணை நடத்துவார், அதுக்கும் அடுத்த விசாரணைக்கும் நடுவுல செலவ குறைச்சா அந்த மிச்சம் அதுவரைக்கும் கம்பெனிக்குத்தான், அடுத்த விசாரணையில அது ஜனங்க பக்கம் போயிடும். அதனால விசாரணை முடிஞ்ச உடனே செலவு சுருங்கறதும், அடுத்தது வர்ற நேரத்துல திடீர்னு நிறைய வேலை நடக்கறதும் சில கம்பெனில ஒரு வழக்கமாவே இருக்கும். அஞ்சாறு வருஷ செலவ வரிசையா எழுதி பாத்தீங்கன்னா அலை அடிக்கற மாதிரி தெரியும்.

ஓய்வுபெற்ற_ரிலே:

கணக்கன் தம்பி சொன்னது கணக்குப்படி நூத்துக்கு நூறு சரி. நான் கணக்கு ஆள் இல்ல, முப்பது வருஷத்துக்கு மேல விநியோக கம்பெனில களத்துல வேல பாத்தவன், அந்த 12.50 குறைச்சாச்சுன்னு ஆபீஸ்ல ஒரு வரி எழுதறாங்களே அது கீழ வரும்போது என்னவாகுதுன்னு மட்டும் சொல்றேன்.

நான் இருந்த கம்பெனில, பேர் எதுக்கு, கம்பி ஓரமா மரக்கிளை வெட்டற சுற்று மூணு வருஷத்துக்கு ஒருக்கா. ஒரு வருஷம் மேல இருந்து உத்தரவு வந்துச்சு, இனிமே அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா போதும்னு. மொத வருஷம் ஒண்ணும் ஆகல. ரெண்டாவது வருஷமும் ஒண்ணும் ஆகல, அத முடிவெடுத்தவருக்கு பதவி உயர்வு கூட கிடைச்சுது. நாலாவது வருஷம் ஒரு காத்து மழைக்கு ஒரே ராத்திரியில எத்தன ஃபீடர், அதான் சப் ஸ்டேஷன்ல இருந்து ஏரியாவுக்கு போற லைன், விழுந்துச்சுன்னு எண்ணவே எங்களால முடியல. கிளை கம்பி மேல சாஞ்சிருக்கு, நாங்க இருட்டுல ரம்பத்தோட நிக்கறோம், ஓவர்டைம், வெளி ஆளுங்க, வாடகை வண்டி. அதுவரைக்கும் மிச்சம் புடிச்சதெல்லாம் பத்து நாள்ல போச்சு. வேடிக்கை என்னன்னா அந்த புயல் செலவு "அசாதாரண நிகழ்வு"ன்னு தனி கணக்குல போயி பின்னால ஜனங்க பில்லுலயே வசூல் ஆச்சு. மரம் வெட்டாதது மட்டும் செலவு கட்டுப்பாடாவே நின்னுச்சு.

அடுத்தது இந்த முதலீடு, செலவுங்கற பாகுபாடு. ஒரு பிரேக்கர், அதான் கோளாறு வந்தா லைன துண்டிக்கற சாதனம், சரியா வேல செய்யல, பிரிச்சு சர்வீஸ் பண்ணா இன்னும் பத்து வருஷம் ஓடும். சர்வீஸ் பண்ணா அது பராமரிப்பு செலவு. தூக்கி போட்டுட்டு புதுசு வச்சா அது முதலீடு. எங்க ஆபீஸ்ல சர்வீஸுக்கு கேட்டா ஆறு மாசம் இழுக்கும், மாத்தணும்னு எழுதினா ரெண்டு வாரத்துல கையெழுத்து ஆகி வரும். கம்பத்துல குறுக்கு சட்டம் மட்டும் மாத்தினா செலவு, கம்பத்தோட மாத்தினா முதலீடு. நல்லா இருந்த கம்பத்தயும் சேத்து புடுங்கினத நானே பாத்திருக்கேன். ஜாப் கார்டுல எந்த கோடு போடறோம்ங்கறதுதான் எல்லாமே, ஒரே லைன்மேன் காலைல செலவா இருப்பான் சாயங்காலம் முதலீடா ஆயிடுவான்.

எல்லா சிக்கனமும் தப்புன்னு சொல்லல தம்பி. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல கரைஞ்சிருக்கற வாயு என்னன்னு டெஸ்ட் பண்ணி உள்ள சூடாகுதா, பொறி அடிக்குதான்னு முன்னாடியே கண்டுபிடிக்கற முறை வந்தப்புறம் சும்மா காலண்டர பாத்து பிரிக்கற வேல நின்னுச்சு, அது நெஜமான சிக்கனம். மீட்டர் தானா கணக்கு அனுப்ப ஆரம்பிச்சப்புறம் வீடு வீடா போற வண்டி செலவு போச்சு, அதுவும் நெஜம். நான் சொல்றது தள்ளிப்போடறத சிக்கனம்னு எழுதறத பத்தி.

தள்ளிப்போட்டா எங்க போய் முடியும்னு பாக்கணும்னா கலிபோர்னியா கதைய படிங்க. 2018 நவம்பர்ல பாரடைஸ்ங்கற ஊரே எரிஞ்சுது, 85 பேர் செத்தாங்க. காரணம் பசிஃபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனியோட டிரான்ஸ்மிஷன் கோபுரத்துல கிட்டத்தட்ட நூறு வருஷம் பழசான ஒரு கொக்கி. தேஞ்சு தேஞ்சு அறுந்து விழுந்துச்சு, கம்பி கோபுரத்துல உரசி தீப்பொறி. ஒரு கொக்கி தம்பி. அடுத்த ரெண்டு மாசத்துல, 2019 ஜனவரில, கம்பெனி திவால் பாதுகாப்புக்கு போச்சு, 2020ல கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் 2021ல 10,000 மைல் கம்பிய பூமிக்கு அடியில கொண்டு போறோம்னு அறிவிச்சாங்க, அது என்ன கணக்குல ஏறும்னு நீங்களே சொல்லுங்க.

மீட்டர்ரீடர்:

ரிலே ஐயா கடைசி வரி செம. முதலீட்டு கணக்குலதான் ஏறும், அதுக்கும் வருமானம் உண்டு.

நான் பில்லு கட்டறவன் பக்கத்துல இருந்து பேசறேன், இங்க எல்லாரும் ஷேர் வச்சிருக்கீங்க போல. இந்த வியாதிக்கு பேரே இருக்கு, ஏவர்ச் ஜான்சன் விளைவு, 1962லயே ஹார்வி ஏவர்ச், லேலண்ட் ஜான்சன்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க எழுதிட்டாங்க. முதலீட்டுக்கு இத்தன சதவீதம்னு அனுமதிச்சு, அந்த சதவீதம் கம்பெனிக்கு காசு திரட்டற விலைய விட கொஞ்சம் ஜாஸ்தியாவும் இருந்துட்டா, கம்பெனி தேவைக்கு மேல கட்டத்தான் பாக்கும்னு. 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு'ன்னு நமக்கு பழமொழி, இவங்களுக்கு ஆத்துல எவ்ளோ போடறமோ அவ்ளோ கூலி.

கட்டி கைய சுட்டுக்கிட்ட கதையும் நிறைய. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல வோக்டில் அணுமின் நிலையத்துல 3, 4வது உலைகள், சுமார் 14 பில்லியன் டாலர்னு ஆரம்பிச்சது 30 பில்லியன தாண்டிச்சு, ஏழு வருஷம் தாமதம், 2023லயும் 2024லயும்தான் ஓட ஆரம்பிச்சுது. உலைய வடிவமைச்ச வெஸ்டிங்ஹவுஸ் நடுவுல 2017ல திவாலே ஆச்சு. அது ஓடவாவது செய்யுதேன்னு சந்தோஷப்படலாம். பக்கத்து மாநிலம் சவுத் கரோலினால வி.சி. சம்மர் அணுமின் நிலையத்துல அதே மாதிரி ரெண்டு உலை, ஒன்பது பில்லியன் டாலர் கிட்ட போட்டப்புறம் 2017 ஜூலைல பாதில நிறுத்திட்டாங்க. ஒரு யூனிட் கரண்ட் வரல. ஆனா கட்டி முடிக்கறதுக்கு முன்னாடியே பில்லுல வசூல் பண்ணிக்கலாம்னு அங்க சட்டம் இருந்துச்சு, அதனால ஜனங்க இல்லாத உலைக்கு காசு கட்டினாங்க.

இதுக்கு மருந்து தேடினவங்களும் இருக்காங்க. பிரிட்டன்ல 2013ல இருந்து ரியோன்னு ஒரு முறை, அதுல முதலீடு செலவு ரெண்டையும் ஒரே பானையில கொட்டி மொத்த செலவுன்னு பாப்பாங்க, டோடெக்ஸ்ம்பாங்க. அதுல இத்தன பங்கு ரேட் பேஸ்ல ஏறும்னு முன்கூட்டியே முடிவு பண்ணிடறதால பிரேக்கர சர்வீஸ் பண்ணாலும் ஒண்ணுதான் மாத்தினாலும் ஒண்ணுதான், ஐயா சொன்ன ஜாப் கார்டு வித்தை அங்க அவ்வளவா எடுபடாது. மிச்சம் புடிச்சா கம்பெனிக்கும் ஜனங்களுக்கும் பங்கு. குறையே இல்லன்னு சொல்லல, ஆரம்ப காலத்துல இலக்கெல்லாம் ரொம்ப சுலபமா வச்சு கம்பெனிங்க கொழுத்துட்டாங்கன்னு அங்கயும் சண்டைதான். நியூயார்க்ல கான் எடிசன்ங்கற கரண்ட் கம்பெனி 2014ல வேற மாதிரி பண்ணாங்க, புரூக்ளின் குயின்ஸ் பக்கம் சுமார் ஒரு பில்லியன் டாலர்ல சப் ஸ்டேஷன் கட்டணும்னு இருந்தத தள்ளி வச்சுட்டு, 200 மில்லியன் டாலர் திட்டத்துல ஜனங்க வீட்டுல விளக்கு மாத்தி, பேட்டரி வச்சு, தேவையவே குறைச்சாங்க. அந்த செலவுக்கும் ரெகுலேட்டர் வருமானம் அனுமதிச்சார், அதான் விஷயம், இல்லன்னா எந்த கம்பெனி சும்மா பண்ணும்.

பங்குப்பித்தன்:

அடேங்கப்பா, இவ்ளோ இருக்கா. 12.50 கணக்க பேப்பர்ல போட்டு பாத்தேன், புரிஞ்சுது. ஆனா என் பாதி கேள்விக்கு இன்னும் பதில் வரல. கடன் ஏறிட்டே போறது? டிவிடெண்ட்?

கணக்கன்77:

சாரி ப்ரோ, விட்டுட்டேன்.

ரேட் பேஸ் ஒரு ஐஸ் கட்டி மாதிரி, சும்மா வச்சிருந்தா தேய்மானத்துல கரையும். தேய்மானம் அளவுக்கு மட்டும் முதலீடு போட்டா அப்படியே நிக்கும், அதுக்கு மேல போட்டாதான் வளரும், வளர்ந்தாதான் லாபம் வளரும். அப்போ வளர்ற கம்பெனில வர்ற காசு முதலீட்டுக்கு பத்தாம இருக்கறது இயல்புதான். டிவிடெண்ட நிறுத்திட்டு அதுல கட்டலாமேன்னு கேப்பீங்க. கட்டலாம், ஆனா இந்த ஷேர வாங்கறவங்களே டிவிடெண்டுக்காக வாங்கறவங்க, அத நிறுத்தினா ஷேர் விலை விழும், அப்புறம் புது ஷேர் வித்து காசு திரட்டறதே கஷ்டம்.

அதனால கடன் ஏறுதாங்கறது கேள்வி இல்ல, ரேட் பேஸ் ஏறற வேகத்த விட கடன் வேகமா ஏறுதாங்கறதுதான் கேள்வி. தரமதிப்பீடு குடுக்கறவங்க முக்கியமா பாக்கறது, வருஷத்துக்கு தொழில்ல வர்ற காசு மொத்த கடன்ல எத்தன சதவீதம்னு. அது வருஷா வருஷம் இறங்கிட்டே வந்தா ஒரு நாள் மதிப்பீட்ட குறைப்பாங்க, வட்டி ஏறும், அந்த வட்டி முழுசா பில்லுல ஏறும்னு நிச்சயம் கிடையாது. அத தவிர்க்க புது ஷேர் வெளியிடுவாங்க, வெளியிட்டா உங்க பங்கு கரையும். பிரிட்டன்ல நேஷனல் கிரிட்ங்கற கரண்ட் கம்பெனி 2024 மே மாசம் அஞ்சு வருஷத்துல 60 பில்லியன் பவுண்ட் முதலீடுன்னு அறிவிச்சு, அதுக்காக 7 பில்லியன் பவுண்டுக்கு உரிமைப் பங்கு, அதாவது இருக்கற ஷேர்ஹோல்டருக்கே முதல்ல குடுக்கற புது ஷேர், வெளியிட்டாங்க, ஒரு பங்குக்கு டிவிடெண்டும் அதுக்கேத்த மாதிரி இறங்குச்சு. நல்ல திட்டம்னு சொன்னவங்களும் உண்டு, ஆனா அறிவிச்ச அன்னிக்கு ஷேர் விழுந்துச்சு. உங்க அறிக்கையில முதலீட்டு தொகைய மட்டும் பாக்காதீங்க, அதுக்கு காசு எங்க இருந்துன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல புது ஷேர் எவ்ளோன்னு பாருங்க. மொத்த லாபம் எட்டு சதவீதம் வளருதுன்னு எழுதிட்டு பங்கு எண்ணிக்கையும் மூணு சதவீதம் வளர்ந்தா உங்களுக்கு அஞ்சுதான்.

இன்னொண்ணு, இப்ப டேட்டா சென்டர் வருது டேட்டா சென்டர் வருதுன்னு எல்லா கம்பெனியும் முதலீட்ட ஏத்தறாங்க. விக்கற யூனிட் ஏறினா நிலையான செலவு பரவி ஒவ்வொருத்தர் தலையிலயும் குறையும், இது பழைய பாடம். சாமுவேல் இன்சல்னு எடிசன் கிட்ட வேல பாத்தவர் 1892ல சிகாகோவுக்கு போயி பண்ணதே அதான், ராத்திரி விளக்குக்கு மட்டும் ஓடற மெஷின் பகல்ல சும்மா நிக்குதேன்னு டிராம் கம்பெனிக்கெல்லாம் மலிவா கரண்ட் வித்து மெஷின நாள் பூரா ஓட விட்டார், விலை இறங்குச்சு. அதே மனுஷன் அப்புறம் கம்பெனி மேல கம்பெனி அடுக்கி கடன்ல கோபுரம் கட்டி 1932ல மொத்தமும் சரிஞ்சுது, 1935ல அமெரிக்காவுல இப்படி அடுக்கறத கட்டுப்படுத்த ஹோல்டிங் கம்பெனி சட்டம் வந்ததுல அந்த கதைக்கு பெரிய பங்கு உண்டு. டேட்டா சென்டர் வரும்னு லைன் போட்டு அது வரலன்னா அந்த லைன் செலவ யார் சுமக்கறதுன்னு ஒப்பந்தத்துல குறைந்தபட்ச கட்டணம் இருக்கான்னு பாக்கணும்.

மீட்டர்ரீடர்:

இருக்காதே. இருந்தா பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க.

பங்குப்பித்தன்:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். கடைசி பக்கங்கள்ல இருக்கற பொடி எழுத்து குறிப்பெல்லாம் படிச்சேன். பராமரிப்பு செலவு ஏறலன்னு சொன்னது பொய் இல்ல, ஆனா மொத்த சம்பளத்துல முதலீட்டு கணக்குக்கு மாத்தினது மூணு வருஷம் முன்ன மூணுல ஒரு பங்கு, இப்ப கிட்டத்தட்ட பாதி. ரிலே ஐயா சொன்ன காலைல செலவு சாயங்காலம் முதலீடு கதை அப்படியே இருக்கு. அப்புறம் போன வருஷ புயல் செலவு லாப நட்ட கணக்குலயே வரல, பின்னால வசூலிக்க வேண்டியதுன்னு சொத்து பக்கம் உக்காந்திருக்கு. கடனுக்கு எதிரா வர்ற காசு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, பயப்படற அளவுக்கு இல்லன்னு நினைக்கறேன். பங்கு எண்ணிக்கையும் லேசா ஏறியிருக்கு. விக்கல, ஆனா இனிமே வாங்கவும் போறதில்ல, கொஞ்ச நாள் வேடிக்கை பாக்கறேன்.

ஓய்வுபெற்ற_ரிலே:

நல்லா தோண்டியிருக்கீங்க தம்பி. மரம் வெட்டற செலவு எவ்ளோன்னு தனியா போட்டிருக்காங்களா?

பங்குப்பித்தன்:

தேடினேன் ஐயா. மூணு வருஷம் முன்னாடி அறிக்கையில தனி வரியா இருந்துச்சு. இப்ப இதர செலவுகள்ல சேத்துட்டாங்க.

ஓய்வுபெற்ற_ரிலே:

அப்ப ஷேர்ஹோல்டர் கூட்டத்துக்கு போனீங்கன்னா அந்த ஒண்ண மட்டும் கேளுங்க. வெட்டற சுற்று எத்தன வருஷம்னு கேளுங்க, தொகைய கேக்காதீங்க, தொகைக்கு பதில் தயாரா வச்சிருப்பாங்க.